சந்தனம் வைத்த கண்

வேம்புலியின் மூக்கு இதற்கு முன்பும் உடைந்திருக்கிறது. துப்பறிகிற ஆபீஸில் உதவியாள் என்றால் மூக்கும் முட்டியும் கம்பெனிச் சொத்து என்று அவனே சொல்லித் திரிவான். ஆனால் சொந்த அக்காவின் வாசலில் வைத்து உடைந்தது இதுதான் முதல் தடவை.

வெள்ளானூரில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணம்மாவை முடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். கூரை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. சோற்றுப் பானை தெருவில் உருண்டது. வந்திருந்தவர்கள் எல்லாரும் பால்ராஜின் சொந்தக்காரர்கள். பால்ராஜ் என்பவர் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டிய முதலாளி. ஆயுத பூஜை அன்று சாயங்காலம் சொந்த கராஜின் ஷட்டருக்கு அடியில் நசுங்கிச் செத்தார். பால் தெளித்த ஈரம் காய்வதற்குள் சொந்தம் மொத்தமும் இங்கே வந்து நின்றது.

வேம்புலி குறுக்கே பாய்ந்து ஒருத்தன் வயிற்றில் தலையால் முட்டினான். இன்னொருத்தன் கையைக் கடித்தான். அதற்குள் உத்தமனின் நெற்றி வந்து அவன் மூக்கில் இடித்தது. கண்ணுக்குள் மின்னல் அடிக்க, வாயெல்லாம் உப்புக் கரித்தது.

உத்தமன் செத்துப்போனவரின் மச்சினன். பஸ்களையும் டிரைவர்களையும் மேய்ப்பது அவன்தான். ஆள் வராத நாளில் தானே ஸ்டியரிங் பிடிப்பான். கூட்டத்தில் அதிகமாகக் கத்தியதும் அவன்தான். கத்தாமல் நின்றது பத்மா ஒருத்திதான். பால்ராஜின் பெண்டாட்டி, உத்தமனின் அக்கா. அவள் நெற்றி வெறுமையாக இருந்தது.

“நீ வெச்ச பொட்டு என் பொட்டை அழிச்சிடுச்சுடி” என்றாள் பத்மா. குரல் உயரவேயில்லை. “அந்தக் கை இருக்கக் கூடாது.”

உத்தமன் அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி கண்ணம்மாவின் வலது மணிக்கட்டில் பூட்ஸ் காலை வைத்து ஏறி நின்றான். உள்ளே எலும்பு முறிந்த சத்தம் வேம்புலிக்குத் தெளிவாகக் கேட்டது. கண்ணம்மா அலறக்கூட இல்லை. பட்டது போதாது என்று நினைப்பவள் போல அப்படியே கிடந்தாள்.

அந்த நேரத்தில் ஒரு லாம்பி ஸ்கூட்டர் கூட்டத்துக்குள் புகுந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய வசந்தகுமாரி, இரும்புக் கம்பி வைத்த தன் கறுப்புக் குடையால் உத்தமனின் காதோடு சேர்த்து ஒன்று வைத்தாள். அவன் இரண்டு எட்டு பின்னால் போய் வேலிமுள்ளில் உட்கார்ந்தான். வசந்தகுமாரி ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். டாங்கி தொழிற்சாலைத் தொழிலாளியின் மகள். போலீஸில் இருந்தபோது தனக்கு மேலே உள்ள ஒரு அதிகாரியை அறைந்துவிட்டு வெளியே வந்து, குமணன்சாவடியில் டீக்கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருந்தாள். வேம்புலிக்கு அவள்தான் முதலாளி.

கண்ணம்மாவைக் கைது செய்ய இன்ஸ்பெக்டர் சாயங்காலம் ஜீப் அனுப்பப்போகிறார் என்று உத்தமன் வேலியிலிருந்தே கத்தினான். வசந்தகுமாரி அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“மூணு மணிக்கு கராஜுக்கு வா பத்மா” என்றாள். “இவளாலதான் அவர் செத்தார்னா, இவளை நானே ஸ்டேஷன்ல கொண்டுபோய் உட்கார வைக்கிறேன்.”

பத்மா குடையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். கூட்டம் அவள் பின்னால் போனது. உத்தமன் மட்டும் கடைசியாகப் போனான், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

கண்ணம்மாவின் கையில் இரண்டு மட்டையை வைத்துக் கட்டும்போது, நடந்ததை வசந்தகுமாரி முதலிலிருந்து கேட்டாள்.

கராஜின் ஷட்டர் பழசு. மூடிப்போன ஏதோ ஒரு கம்பெனியில் கழற்றி வந்தது. பட்டனை ஒருதரம் தட்டினால் போதும், தானாக இறங்கும். கீழே நாய் நின்றாலும் ஆள் நின்றாலும் அதற்கு ஒன்றுதான். வேலை செய்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. உள்ளே பட்டனைத் தட்டிவிட்டு, ஷட்டர் பாதி வருவதற்குள் குனிந்து வெளியே ஓடிவிடுவார்கள். வெளியே ஒரு பட்டன் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. மழைக்காலத்தில் ஒரு கிளீனர் அப்படி ஓடும்போது வழுக்கி, அவன் பாதம் போயிற்று. பால்ராஜ் அன்று இரவு சாப்பிடவில்லையாம். எஸ்டேட்டில் பிரஸ் மிஷின்களுக்கு விரல் போகாமல் இருக்க ஒரு மின்கண் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த மெக்கானிக்கையே கூட்டிவந்தார். முழங்கால் உயரத்தில் வாசலின் இரண்டு பக்கமும் தீப்பெட்டி அளவில் கறுப்புப் பெட்டி வைத்தார்கள். குறுக்கே ஆள் வந்தால் ஷட்டர் நின்று திரும்ப மேலே போய்விடும். இனி யார் காலும் போகாது என்று பால்ராஜ் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. கராஜைக் கூட்டிப் பெருக்குபவள் கண்ணம்மாதான். வருஷா வருஷம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பதும் அவள்தான். ஸ்பானருக்கு வைத்தாள், ஜாக்கிக்கு வைத்தாள், ஒவ்வொரு பஸ்ஸின் முகத்திலும் வைத்தாள். புதிதாக வந்த பெட்டியை விட்டுவிட்டால் குறையாகிவிடும் என்று வலது பக்கப் பெட்டியின் கண்ணாடி நடுவில் அழகாக ஒரு பொட்டு வைத்தாள்.

அதுதான் வினை என்று ஊர் சொன்னது. பொரி கடலை வாங்கிக்கொண்டு எல்லாரும் போன பிறகு பால்ராஜ் வழக்கம்போலப் பட்டனைத் தட்டிவிட்டுக் குனிந்து ஓடினார், தடுக்கி விழுந்தார், பொட்டு மறைத்த கண்ணுக்கு அவர் தெரியவில்லை, ஷட்டர் வந்து தலையிலும் நெஞ்சிலும் இறங்கிவிட்டது. தெரு முனையிலிருந்து பார்த்ததாக உத்தமன் சொன்னான். பொட்டைக் கண்டுபிடித்தது இன்ஸ்பெக்டர். மெக்கானிக் பூஜை லீவுக்கு ஊருக்குப் போனவன் இன்னும் வரவில்லை. ஷட்டருக்குக் காவு ருசி பட்டுவிட்டது என்று பயந்து யாரும் அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. ஸ்டேஷன்காரர்கள் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனதோடு சரி.

“நான்தாண்டா கொன்னுட்டேன்” என்றாள் கண்ணம்மா தம்பியிடம். “கண்ணைக் குருடாக்கிட்டேன். என் கொயந்த பசிச்சா அந்த மன்சன்தான் சோறு போட்டாரு.”

எதற்கும் ஒரு நக்கல் ரெடியாக வைத்திருக்கும் வேம்புலி மூக்கில் வைத்திருந்த துணியை எடுத்துவிட்டு அவள் தலையைத் தடவினான்.

வேறு எதற்கெல்லாம் என்ன செய்தாய் என்று வசந்தகுமாரி விடாமல் கேட்டாள். ஷட்டரின் இரும்புச் சங்கிலிக்கு சாமந்தி மாலை சுற்றினேன் என்றாள் கண்ணம்மா. கரண்ட் போனால் கையால் இழுத்து இறக்குவதற்கான சங்கிலி அது. அன்று கரண்ட் போகவில்லை, சீரியல் லைட் எரிந்துகொண்டே இருந்தது. ஆனால் கூக்குரல் கேட்டு ஓடிப்போனபோது அந்த மாலை அறுந்து தரையில் கிடந்தது. கெட்ட சகுனம் என்று மட்டும் நினைத்தாளாம்.

அப்புறம் இன்னொன்று. கடைசியில் சுவரைப் பார்த்து நின்ற நீலப் பஸ்ஸுக்கு முகம் ஒடுங்கிக் கிடந்தது. அதற்கும் இண்டு இடுக்கில் கையை விட்டுப் பொட்டு வைத்தேன் என்றாள்.

வசந்தகுமாரி எழுந்து குடையை எடுத்துக்கொண்டாள். “அறுந்த மாலை ஒண்ணு இருக்கு. அது போதும், கிளம்பு.”

“இன்னா மேடம், பூக்கடைக்கா?” என்றான் வேம்புலி. மூக்கு அடைத்திருந்ததால் அது பாதிதான் வெளியே வந்தது.

கராஜ் எஸ்டேட்டின் கடைசியில், எருக்கஞ்செடி மண்டிய ஒரு சந்தில் இருந்தது. ஷட்டர் மேலே சுருண்டு நின்றது. வாசல் இரும்புப் பட்டையில் கறை இன்னும் போகவில்லை. வேம்புலி அதைத் தாண்டும்போது காலை உயர்த்தித் தாண்டினான். உள்ளே டீசல் நாற்றமும் வாடிய பூ நாற்றமும் கலந்து குமட்டியது. இடது சுவரில் பட்டன், அதன் பக்கத்திலேயே மேலிருந்து தொங்கும் சங்கிலி. நடுவில் பஸ்ஸுக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் பள்ளம் வாய் திறந்து கிடந்தது.

ஏணியைப் போட்டு வேம்புலியை மேலே ஏற்றினாள். சங்கிலி ஓடும் பல்சக்கரத்துக்குள் அவன் விரலை விட்டுத் துழாவ, கை முழங்கை வரை கிரீஸானது. வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் மஞ்சள் இதழ்கள் நசுங்கி ஒட்டியிருந்தன, கூடவே வாழைநார்த் துண்டு ஒன்று.

“சாமந்தி. சக்கரம் மென்னு துப்பிக்கீது” என்றான். “மாலை தானா அறுந்து வியல மேடம். எவனோ சங்கிலிய இஸ்துக்கிறான்.”

“பட்டனைத் தட்டினாருன்னு உத்தமன் சொன்னான். கரண்டும் இருந்தது. அப்போ சங்கிலிக்கு என்ன வேலை?”

இறங்கி வந்து பஸ்களை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். எல்லாம் நீலம். எல்லாவற்றின் முகத்திலும் காய்ந்த சந்தனமும் குங்குமமும். கடைசிப் பஸ்ஸின் முன்னால் வசந்தகுமாரி நின்றுவிட்டாள். அதன் முகம் ஒடுங்கவில்லை. பளபளவென்று இருந்தது. பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. பொட்டைக் காணோம்.

“கண்ணம்மா வச்சா. பூஜைக்கு அப்புறம் யாரோ தகரத்தைத் தட்டி நேராக்கிப் பெயின்ட் அடிச்சிருக்காங்க” என்றாள் அவள். “நம்ம ஆபீஸ் கீழே பால்காரரை அடிச்சிட்டு நிக்காமப் போச்சே ஒரு பஸ், அது என்ன கலர்?”

வேம்புலி அந்த நீலத்தைத் தொட்டுப் பார்த்தான். பூஜைக்கு முந்தின வாரம் குமணன்சாவடி முக்கில் ரோட்டோடு ஒட்டிக்கிடந்த அந்த மனுஷனைத் தூக்கிப் போட்டதில் அவனும் ஒரு கை. நீலப் பஸ் என்பதற்கு மேல் நம்பர் யாருக்கும் தெரியாமல் போயிருந்தது.

வசந்தகுமாரி வரும் வழியில் வாங்கியிருந்த ஒரு ஃபியூஸ் கட்டையைப் பையிலிருந்து எடுத்துப் போர்டில் செருகினாள். பட்டனைத் தட்டச் சொன்னாள். வேம்புலி அம்மனை நினைத்துக்கொண்டு தட்டினான். மேலே பெட்டிக்குள் டொக் என்று ஒரு சத்தம். ஷட்டர் அசையவில்லை. மறுபடி தட்டினான், டொக். குத்தினான், டொக். மோட்டார் மண்டையைப் போட்டுவிட்டது என்று அவன் தீர்ப்புச் சொன்னான்.

அவள் வாசலுக்குப் போய்க் குனிந்தாள். வலது பெட்டியில் கண்ணம்மாவின் பொட்டு அப்படியே காய்ந்து இருந்தது. பொட்டு இருந்ததை இன்ஸ்பெக்டரே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இனி அது போனால் நஷ்டமில்லை என்று சொல்லிக்கொண்டே முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்தாள்.

“இப்போ தட்டு.”

தட்டினான். ஷட்டர் கடகடவென்று உறுமிக்கொண்டு இறங்கியது. வேம்புலி தன்னை அறியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டான். பாதி வந்ததும் அவள் தன் கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்து மூடினாள். ஷட்டர் நின்றது. ஒரு மூச்சு விட்டது போல் இருந்து, திரும்ப மேலே போனது.

வேம்புலி அதைப் பார்த்தான், அவள் விரலைப் பார்த்தான், மறுபடி மேலே பார்த்தான்.

“அந்தப் பெட்டி வெளிச்சத்தை அனுப்புது, நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். இந்தப் பெட்டி வாங்கிக்குது. வந்து சேர்ந்தா வழி காலி. வராட்டி குறுக்கே ஆள் நிக்குதுன்னு அர்த்தம்” என்றாள் வசந்தகுமாரி. “நம்ம கண்ணைக் கட்டினா நாம தடுமாறிப் போய் விழுவோம். இதோட கண்ணைக் கட்டினா இது இடத்தை விட்டு நகராது. ஊர் மொத்தமும் இதை மனுஷக் கண்ணுன்னே நெனச்சிடுச்சு, இன்ஸ்பெக்டர் உட்பட.”

கண்ணம்மாவின் பொட்டு இருந்தவரை இந்த ஷட்டர் பட்டனுக்கு இறங்கியிருக்கவே முடியாது. பால்ராஜை நசுக்கியது சங்கிலி. சங்கிலிக்குக் கண் கிடையாது. சங்கிலியில் ஷட்டர் மெதுவாகத்தான் இறங்கும், நினைவிருந்தால் அவர் அதுவரை சும்மா கிடந்திருக்கவும் மாட்டார், முதலில் மண்டையில் அடி வாங்கியிருப்பார்.

அக்கா அங்கே உடைந்த கையோடு, தான் கொலைகாரி என்று நம்பிக்கொண்டு கிடக்கிறாள். வேம்புலிக்கு உடனே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

ஓட முடியவில்லை. பஸ்களுக்கு நடுவிலிருந்து வந்த வீல் ஸ்பானர் அவன் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. கால் எலும்பு போனது அவனுக்கே தெரிந்தது. அவன் விழுவதற்குள் உத்தமன் அவனைத் தாண்டி வசந்தகுமாரியிடம் போய்விட்டான். குடை ஒருமுறை அவன் தோளில் இறங்கியது. ஸ்பானர் அவள் விலாவில் இறங்கியது. இரண்டாவது அடியில் அவள் பின்னால் சரிந்து, பள்ளத்துக்குள் தலைகுப்புற விழுந்தாள். கீழே ஏதோ தகர டப்பா நசுங்கியது. பிறகு சத்தம் இல்லை.

“இன்னா கண்டுபுட்ச்ச நைனா?” என்று கேட்டுக்கொண்டே உத்தமன் வேம்புலியின் வயிற்றில் மிதித்தான். சட்டைக் காலரைப் பிடித்துத் தரையோடு இழுத்தான். உடைந்த கால் திரும்பிக்கொண்டு வந்தது. வேம்புலி கூப்பாடு போட்டான். எஸ்டேட்டில் பிரஸ் மிஷின்கள் அடிக்கும் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

“மாமாவும் இப்டித்தான். குடிச்சிட்டு ஓட்டிட்ட, ஒரு உசுரு பூடுச்சு, பூஜை முடிஞ்ச கையோட வா ஸ்டேசனுக்கு போலான்னாரு. மச்சினன்னு பார்க்கல. நானும் மாமான்னு பார்க்கல.” வலது நிலைக்குப் பக்கத்தில், வாசல் பட்டை இடுப்புக்கு நேராக வரும்படி அவனைப் போட்டான். “காவு கேக்குற ஷட்டருன்னு ஊரே சொல்லுது. அத்த நோண்ட வந்தா அது சும்மா வுடுமா?”

நடந்துபோய்ப் பட்டனைத் தட்டினான்.

ஷட்டர் உறுமியது. வேம்புலி மல்லாக்கக் கிடந்தான். சற்று முன் துடைத்த கண்ணாடி அவனுக்கு மேலே, ஒரு கை உயரத்தில் பளிச்சென்று இருந்தது. முழங்கால் உயரத்தில் போகும் வெளிச்சத்துக்குக் கீழே அவன் கிடந்தான். ஷட்டரைப் பொறுத்தவரை வழி காலி. துடைத்தே இருக்க வேண்டாம் மேடம் என்று நினைத்துக்கொண்டான். புரள முயன்றான், கால் விடவில்லை. தகரம் சூரியனை மறைத்துக்கொண்டு வந்தது. அதன் கீழ்ப்பட்டையில் ஒட்டியிருந்த காய்ந்த ரத்தம்கூடத் தெரிந்தது.

மூக்கிலிருந்து வடிந்த ரத்தத்தைக் கை நிறைய வழித்தான். கிரீஸ் படிந்த அதே கை. உயரே நீட்டி, உள்ளங்கையை மொத்தமாகக் கண்ணாடியின் மேல் அறைந்து தேய்த்தான்.

ஷட்டர் அவன் தொப்புளுக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. மூச்சு விட்டது. மேலே ஏறத் தொடங்கியது.

வெளிச்சம் கீழிருந்து திரும்ப வந்தது. முதலில் அவன் கண்ணில் பட்டது செருப்பில்லாத இரண்டு கால்கள். பிறகு வெள்ளைச் சேலையின் கரை. பின்னால் இன்னும் நிறையக் கால்கள். ஷட்டர் ஏற ஏற, பத்மாவின் முகம் தெரிந்தது. மூணு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், வந்துவிட்டாள்.

உத்தமன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தான். அவன் பார்க்கவில்லை. பட்டனைத் தட்டினான், டொக். மறுபடி தட்டினான், குத்தினான். டொக், டொக்.

“அன்னிக்கும் இதே ரோதனதான், சனியன்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு, யோசிக்கவேயில்லாமல் கையைப் பக்கத்தில் நீட்டிச் சங்கிலியைப் பிடித்தான். இரண்டு கையாலும் இழுத்தான். சக்கரத்திலிருந்து நசுங்கிய சாமந்தி இதழ்கள் அவன் தலையில் உதிர்ந்தன. ஷட்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது.

“அன்னிக்குமா?” என்றாள் பத்மா.

சங்கிலி நின்றது. உத்தமன் திரும்பினான். அக்காவைப் பார்த்தான், பின்னால் நின்ற மொத்தச் சொந்தத்தையும் பார்த்தான், தன் கையில் இருந்ததைப் பார்த்தான். யாரும் அவனுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கீழே கிடந்த ஸ்பானரை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி ஓடிவந்தான். குறுக்கே நின்ற பெரியப்பா மகனின் தாடையில் ஒன்று விட்டான், அந்த ஆள் பல்லைத் துப்பிக்கொண்டு விழுந்தான். அடுத்ததாக அக்காவின் தலைக்கு நேரே ஸ்பானரை ஓங்கினான்.

பள்ளத்தின் விளிம்பில் ஒரு கை முளைத்தது. அந்தக் கையில் குடை இருந்தது. வளைந்த பிடி உத்தமனின் கணுக்காலில் விழுந்து இழுத்தது. அவன் முகம் வாசல் இரும்புப் பட்டையில் மோதியது. எழ முயன்றவனின் மணிக்கட்டில், பள்ளத்திலிருந்து தவழ்ந்து ஏறிவந்த வசந்தகுமாரி குடைக்கம்பியை முழு பலத்தோடு இறக்கினாள். காலையில் வெள்ளானூரில் கேட்ட அதே சத்தம் கேட்டது. அவளுக்கு நெற்றி கிழிந்து ஒரு கண் மூடியிருந்தது. அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சொந்தக்காரர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள். காலையில் கண்ணம்மாவுக்கு விழுந்ததைவிட நாலு மடங்கு அவனுக்கு விழுந்தது. யாரோ வேம்புலியைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போட்டார்கள்.

பத்மா எல்லாரையும் விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். தம்பி வாசல் பட்டையின் மேல் சுருண்டு கிடந்தான், புருஷன் கிடந்த அதே இடத்தில். அவள் அவனைத் தாண்டி நடந்து இடது சுவருக்குப் போனாள். பட்டனில் விரலை வைத்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அடித்தவர்கள் எல்லாம் சட்டென்று விலகி நின்றார்கள். தடுக்க ஒரு ஆளும் வாய் திறக்கவில்லை. வேம்புலியும் திறக்கவில்லை.

அழுத்தினாள்.

டொக்.

மறுபடி அழுத்தினாள். உத்தமன் அக்கா, அக்கா என்று ரத்தம் கொப்பளிக்க முனகினான். அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள், கட்டைவிரல் நகம் வெளுக்கும் வரை. ஷட்டர் அசையவில்லை.

“வராது பத்மா” என்றாள் வசந்தகுமாரி, இருந்த இடத்திலிருந்தே. “அந்தக் கண்ணாடியைப் பாரு.”

பத்மா பார்த்தாள். வலது பெட்டியின் கண்ணாடி முழுக்க வேம்புலியின் உள்ளங்கை ரத்தம் கறுப்பாகவும் சிவப்பாகவும் அப்பியிருந்தது.

“அதை மறைச்சிட்டா இந்த ஷட்டர் பட்டனுக்கு இறங்காது. யார் தட்டினாலும் இறங்காது. அன்னைக்கு அதே இடத்துல கண்ணம்மா வெச்ச சந்தனம் இருந்துச்சு. இவனும் உன்னை மாதிரியே தட்டித் தட்டிப் பார்த்திருக்கான். அது வரல. உன் புருஷன் மேல இறங்க மாட்டேன்னு நின்னுடுச்சு. அதுக்கு அப்புறம்தான் இவன் சங்கிலியைத் தேடிப் போனான்.”

பத்மாவின் விரல் பட்டனிலிருந்து மெதுவாக விலகியது. கூட்டத்தில் ஒருத்தர் போலீஸுக்குப் போன் பண்ண ஓடினார். மற்றவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்மா வந்து வேம்புலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் கால் கோணலாகக் கிடந்ததையும், கையில் கிரீஸோடு காய்ந்த ரத்தத்தையும் பார்த்தாள். அவனுக்கு ஒரு நக்கல் நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டான்.

“உங்க அக்கா கை” என்றாள் பத்மா. “ஒடைஞ்சிடுச்சா?”

“ஒடைஞ்சிடுச்சு” என்றான் வேம்புலி.